மீட்டர் 3.9 காட்டினால் நல்ல செல்லா?

ஆனி, ஆடி மழை வலுத்தால் எங்கள் பக்கம் கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எமர்ஜென்சி லைட் செய்ய ஆரம்பித்தேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் (பழைய சாமான்) கடைகளில் தேடினால் செத்த பேட்டரி கிடைக்கும். அதன் உள்ளே இருக்கும் உருளை வடிவச் சின்ன பேட்டரிகள்தான் செல். ஆறு செல் பேட்டரியில் பெரும்பாலும் இரண்டிரண்டாக மூன்று ஜோடி இருக்கும். ஒரு ஜோடி படுத்தாலே உள்ளே இருக்கும் போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். மீதி நான்கும் நன்றாக இருக்க வாய்ப்புண்டு. அந்த நான்கைக் கண்டுபிடிப்பதில்தான் சறுக்கல்.

நான் முதலில் சறுக்கியது மீட்டரை நம்பி. 3.9 வோல்ட் காட்டியதும் நல்ல செல் என்று முடிவுகட்டினேன். லைட் இருபது நிமிடத்தில் அணைந்தது. குளத்தில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான் வோல்ட் சொல்லும். அடியில் எவ்வளவு சேறு மண்டியிருக்கிறது என்று சொல்லாது. 4.2 வோல்ட் வரை நிறைத்து, அரை ஆம்பியரில் 3 வோல்ட் வரை இறக்கி, எத்தனை எம்.ஏ.எச். (செல்லில் தங்கும் சார்ஜின் அளவு) வந்தது என்று பார்க்க வேண்டும். 2000 உள்ள செல்லுக்கு இது நான்கு மணி நேர வேலை. இதைத் தானாகச் செய்யும் சார்ஜர்கள் விற்கின்றன. புதிதில் 2200 இருந்த செல் 1800 தந்தால் வைத்துக்கொள்வேன். ஆயிரத்துக்குக் கீழே என்றால் தொடமாட்டேன்.

அதில் பாஸான செல்லும் பொறுமைப் பரீட்சையில் தோற்கலாம். முழுதாக சார்ஜ் ஏற்றி, மறுநாள் வோல்ட்டைத் தேதியோடு செல் மேலேயே எழுதி, மூன்று வாரம் சும்மா வையுங்கள். 4.1க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே சார்ஜ் கசிகிறது என்று அர்த்தம். பலரும் இந்த மூன்று வாரத்தைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். அப்புறம், கசியும் ஒரே செல் பக்கத்திலிருக்கும் நல்ல செல்லையும் சேர்த்து இறக்கிவிடும்.

2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லுக்கு உயிர் கொடுக்கப் பார்ப்பது இன்னும் மோசம். அவ்வளவு இறங்கிய செல்லில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம். சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மீட்டரில் 3.7 வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். சார்ஜில் சூடேறும் செல்லும் இதே கணக்குதான், கழித்துவிடுங்கள்.

பிரிக்கும்போது ஸ்க்ரூடிரைவரை ஆழமாகச் செருகாதீர்கள். செல்லின் உடம்பு முழுவதுமே நெகட்டிவ். பாசிட்டிவ் முனைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையமும் மேலுறையும்தான் தடுப்பு. உறை கிழிந்திருந்தால் புது உறை போடாமல் எதிலும் சேர்க்கக் கூடாது. மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு உட்காருங்கள். செல் மேல் நேரடியாக ஈயம் பற்றவைப்பதும் வேண்டாம். சூடு உள்ளே இறங்கும். நொடிப்பொழுதில் பட்டையை ஒட்டிவிடும் ஸ்பாட் வெல்டிங்தான் சரி.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை என்று விற்பதில் பாதி, நிக்கல் பூசிய இரும்பு. ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் துருவேறியிருந்தால் அந்தப் பட்டை உப்புக் காற்றுக்குத் தாங்காது.

உப்புத் தண்ணீர் பட்டைக்கு மட்டும்தான். கழித்த செல்லை அதில் ஊறப்போட்டு சார்ஜை இறக்குகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். முனை அரித்து, உள்ளே உள்ளதெல்லாம் வெளியே வரும். தென்னை மூட்டில் புதைப்பதும் கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, வீட்டுக் குப்பையோடும் சேர்க்கக் கூடாது. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். அதுவரை என் வீட்டில் கழித்த செல்கள் முற்றத்துச் சிமெண்டுத் தரையில், மழை படாத மூலையில், ஒரு மண்சட்டியில் கிடக்கின்றன.