துருத்தியின் திசையும் ஆடுவோரின் காலும்: போலந்துப் பாணிப் போல்காவுக்குக் கான்செர்டினா பழகுதல்

போல்கா என்பது ஜோடியாகத் துள்ளி ஆடும் நடனமும் அதற்கான இசையும். சிகாகோ வட்டாரத்தில் வளர்ந்த போலந்து அமெரிக்கப் போல்காக் குழுக்களில் கான்செர்டினா வாசிக்க விரும்புகிறவர் முதலில் சரியான கருவியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கான்செர்டினா என்பது இரு கைகளுக்கிடையே துருத்தியை இழுத்தும் அழுத்தியும் பொத்தான்களால் வாசிக்கும் கருவி. கைக்குள் அடங்கும் அறுகோண ஆங்கிலக் கான்செர்டினா இதற்கு உதவாது. 1834இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரீட்ரிக் ஊலிக் உருவாக்கிய கருவியின் வழிவந்த, பெரிய சதுர வடிவக் கெம்னிட்சர் கான்செர்டினாவே தேவை. அதிலும் பரவலாகப் புழங்குவது 104 சுரக் கருவி. எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம், பொத்தான்கள் 52தான். துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் ஒரே பொத்தானில் ஒலிப்பதால் கணக்கு இரட்டிக்கிறது.

கற்பவரைத் திணறடிப்பதும் இந்த இரட்டைத் தன்மையே. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை எப்போதும் ஒரே சுரத்தைத் தரும். இங்கோ விரல் அசையாமல் துருத்தியின் திசை மட்டும் மாறினாலும் சுரம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு சுரவரிசையையும் அழுத்தலில் ஒரு பாடமாகவும் இழுப்பில் மற்றொரு பாடமாகவும் மனப்பாடம் செய்ய வேண்டும். பொத்தான்களுக்கு எண்களும் குறியீடுகளும் உண்டு. கான்செர்டினாவுக்கென அச்சிட்ட இசைத்தாள்களில் சுரங்களோடு அவையும் இடம்பெறுவதால் தொடக்கத்தில் நல்ல துணையாகும். ஆனால் எண்ணையே நம்பி வாசிப்பவர், பாடகர் திடீரெனச் சுருதியை மாற்றினால் தவித்துப்போவார் என்பதால், அந்தத் துணையை விரைவில் கைவிடுவதே நல்லது என்பேன்.

பல சுரங்கள் இரு திசைகளிலும் வெவ்வேறு பொத்தான்களில் கிடைக்கும். எதை எடுப்பது என்ற முடிவில்தான் வாசிப்பவரின் திறமை தெரியும். போல்கா 2/4 தாளத்தில் நடப்பது. துருத்தியின் திருப்பம் வலுவான அடியோடு சேர்ந்து விழுந்தால் அழுத்தம் தானாகவே கிடைக்கும். இசையடியின் நடுவே திரும்பினால் மெட்டு விக்கும், ஆடுவோரின் காலும் தயங்கும். காற்று போதாமல் போகுமுன், மெட்டு மூச்சுவிடும் இடம் பார்த்துக் கட்டைவிரலால் காற்றுத் திறப்பை அழுத்தி, ஓசையின்றித் துருத்தியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்றடித் தாளத்தில் சுழலும் ஓபெரெக் என்ற போலந்து ஆட்டத்துக்கு இதே கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

பாணியைக் காதால் மட்டுமே பிடிக்க முடியும். 1930இல் சிகாகோவில் பிறந்த போல்கா இசைக்கலைஞர் லில் வாலி யாகியெல்லோ, 1951இல் ஜே ஜே என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, நிதானமான வேகமும் எழுதிவைக்காத கற்பனையும் கொண்ட ‘ஹாங்கி’ பாணியைப் பரப்பினார். அமெரிக்கக் கிழக்குக் கரையின் விரைவான, எழுதிய ஒழுங்கில் செல்லும் பெரிய குழு இசையோடு ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு உடனே விளங்கும். எடி பிளாசோன்சிக் 1963இல் தொடங்கிய வெர்சடோன்ஸ் குழு புகழ்பெறச் செய்த ‘புஷ்’ பாணியில் அக்கார்டியனும் கான்செர்டினாவும் சேர்ந்தே ஒலிக்கும். அங்கே பாடகரின் வரி முடியும் இடைவெளியை நிரப்பிவிட்டு, அடுத்த வரி தொடங்குமுன் ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் ஒதுங்கத் தெரியாமல்தான் குழுவில் இடமிழக்கிறார்கள்.

இதை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். வார நாள்களில் வேறு வேலை, சனிக்கிழமை திருமணம், ஞாயிறு காலையில் தேவாலயத்தில் போல்கா மெட்டுகளோடு நடக்கும் போல்காத் திருப்பலி வழிபாடு, பிற்பகலில் நடனக்கூடம் என்றுதான் பலருக்கும் பொழுது போகும். திருமணத்துக்கு ஒப்புக்கொள்ளுமுன், மணமகளின் முக்காட்டை எடுக்கும் ‘ஒசெப்பினி’ சடங்குக்கான பாடலையும், வாழ்த்துப் பாடலான ‘ஸ்டோ லாட்’டையும் தாளின்றி வாசிக்கப் பழகிக்கொள்வது அவசியம்.

குளிர்காலத்தில் காரில் சில்லிட்டுக் கிடந்த கருவியை வெதுவெதுப்பான கூடத்துக்குள் கொண்டுவந்தவுடன் திறக்கக் கூடாது. உள்ளே அதிர்ந்து ஒலியெழுப்பும் எஃகு நாக்குகளில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். பெட்டியை மூடியபடியே வைத்து, கூடத்தின் வெப்பத்துக்கு அது வந்தபின் எடுக்கவேண்டியிருப்பதால், மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே சென்றுவிடுங்கள்.