சமவெளிச் சென்னையிலிருந்து மலையேற்ற ஓட்டத்துக்குத் தயாராவது

மலையேற்ற ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் பெரும்பாலானோர் செய்வது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் கூட்டி ஓடுவது. அது மூச்சுக்கு நல்லது, மலைக்குப் போதாது. ஏற்றத்தில் உடல் எடையை ஒவ்வொரு அடிக்கும் மேலே தூக்க வேண்டும். அந்த வேலை பின்தொடைக்கும் இடுப்புத் தசைக்கும் கெண்டைக்காலுக்கும் போகிறது. ஆகவே பயிற்சிக் குறிப்பேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: அந்த வாரம் ஏறிய உயரம், மீட்டரில். இனி உங்கள் திட்டத்தை நடத்தப்போவது அந்த எண்தான்.

பந்தயம் 10 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வாரம் வேண்டும். முதல் வாரம் 300 மீட்டர், அடுத்து 400, பிறகு 500. நான்காவது வாரம் 350-க்கு இறக்குங்கள். திரும்ப 600, 750, 900, மறுபடி ஒரு இறக்கம் 600-க்கு. அதன்பின் 1,000, 1,200. கடைசிக்கு முந்தைய வாரம் 600, பந்தய வாரத்தில் கால் மறக்காத அளவுக்குக் கொஞ்சம். நடுவில் வரும் இறக்க வாரங்களைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் ஆறாவது, ஏழாவது வாரத்தில் குதிகால் தசைநார் வலிக்கத் தொடங்கும். நுரையீரல் வேகமாகப் பழகிவிடும், தசைநார் மெதுவாகத்தான் பழகும்.

உயரம் எங்கே கிடைக்கும்?

அடுக்குமாடிப் படிக்கட்டுதான் சென்னையின் மலை. ஒரு தளம் சுமார் 3 மீட்டர். தரைத்தளத்திலிருந்து பத்தாவது மாடிக்கு ஒரு முறை ஏறினால் 30 மீட்டர், பத்து முறை ஏறினால் 300. இறங்க லிப்ட் பயன்படுத்துங்கள். ஆரம்பத்தில் முட்டியைக் காப்பாற்றும், அந்த ஒரு நிமிடமே ஓய்வாகவும் இருக்கும். படிக்கு ஒரு கால் வைத்து ஒரு சுற்று, இரண்டிரண்டாக ஒரு சுற்று என்று மாற்றி ஏறுங்கள். இரண்டிரண்டாக ஏறும்போதுதான் இடுப்புத் தசை உண்மையில் வேலை செய்யும். கைப்பிடியைப் பிடித்து இழுக்கக் கூடாது.

டிரெட்மில் இருந்தால் கணக்கு இன்னும் எளிது. 10 சதவீத ஏற்றம் என்றால் 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரம். 15 சதவீதத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஒரு மணி நேரத்தில் 750 மீட்டர், 40 நிமிடத்தில் 500. இங்கே நடக்கும் பெரிய தவறு முன்கம்பியைப் பிடித்துக்கொள்வது. பிடித்துப் பின்னால் சாய்ந்தால் உடல் பெல்ட்டுக்குச் செங்குத்தாகிவிடும், திரையில் 15 என்று இருந்தாலும் கால் உணர்வது சமதளம். கை விட்டு முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

கடற்கரை மணலில் ஓடுவதை மலைப்பயிற்சியாக எண்ண வேண்டாம். மணல் காலுக்கடியில் விலகுகிறது, கணுக்காலும் கெண்டைக்காலும் உறுதியாகும், ஆனால் உடல் மேலே போவதில்லை. மேம்பாலங்களும் ஆபத்துக்குத் தகுந்த உயரம் தருவதில்லை. பரங்கிமலை சுமார் 300 அடி, அதிகாலையில் நல்ல சுருக்கமான ஏற்றம். திருக்கழுக்குன்றம் 500 அடி, 565 படி. இரண்டும் வழிபாட்டு இடங்கள். அங்கே பக்தர்களை இடித்து ஓடாமல் வேகநடையாக ஏறுங்கள், பயிற்சிக்கு அதுவே போதும்.

வாரத்தில் என்ன செய்வது

ஒரு நாள் நீண்ட ஏற்றம், நிதானமாக. சின்ன வாக்கியம் ஒன்றை முழுசாகச் சொல்ல முடியும் அளவு மூச்சு. ஒரு நாள் கடினம்: 10 முதல் 12 சதவீதத்தில் 3 நிமிடம், பிறகு 2 நிமிடம் சமதள நடை, இப்படி ஆறு. ஆறாவதும் முதலாவதின் வேகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலாவதை அதிகமாக ஓடிவிட்டீர்கள். மீதி நாட்களில் வழக்கமான ஓட்டம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் படியின் விளிம்பில் முன்பாதம் வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள்: முட்டி நேராக 15 வீதம் மூன்று முறை, முட்டி மடக்கி அதே அளவு. முட்டி மடக்கும்போது ஆழத்தில் இருக்கும் கெண்டைத்தசை வேலை செய்கிறது. செங்குத்தில் முதலில் களைப்பது பெரும்பாலும் அதுதான். இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்பும் வலியும் இருந்தால், அந்த வார ஏற்றத்தைப் பாதியாக்குங்கள்.

நடப்பது தோல்வி அல்ல. செங்குத்து கூடக்கூட ஓட்டத்தைவிட நடைக்குச் செலவு குறையும். ஓடும் வேகம் நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டால் உடனே நடையாக்குங்கள். கைகளைத் தொடையில் ஊன்றி, குதிகால் முழுதும் பதிய அடி வையுங்கள், கெண்டைக்கு ஓய்வு கிடைக்கும். இடுப்பில் மடியாமல் கணுக்காலிலிருந்து முன்சாயுங்கள். இடுப்பில் மடிந்தால் வயிறு அழுந்தி மூச்சு ஆழமாக இறங்காது. அடி குறுகலாக, பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால்.

உண்மையான மலைக்கு

படிக்கட்டு சொல்லித்தராத ஒன்று உண்டு: சறுக்கும் சரளைக்கல், சமமில்லாத வேர், வளைவில் மாறும் சரிவு. அதற்குக் குறைந்தது இரண்டு மூன்று வார இறுதிகளாவது மலைக்குப் போக வேண்டும். சென்னைக்கு வசதி ஏலகிரி. மாலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டை போய்த் தங்கி, விடிந்ததும் அடிவாரத்திலிருந்து தொடங்கலாம். 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம். மலைச்சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓடுங்கள். குருட்டு வளைவு வலப்பக்கம் திரும்பினால் மட்டும் முன்கூட்டியே வெளிப்பக்கம் மாறுங்கள், ஓட்டுநர் கண்ணில் சீக்கிரம் படுவீர்கள். மண் பாதைக்கு, மேலேயுள்ள சுவாமிமலை ஏற்றம்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் இறந்ததை மறக்க முடியாது. தமிழ்நாடு அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் வழிகாட்டியோடு போகும் பாதைகளைப் பதிவு செய்யலாம். தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பாறை வழுக்கும், அப்போது சாலை ஏற்றமே நல்லது. மண் பாதைக்கு அடிப்பகுதியில் 4, 5 மில்லிமீட்டர் முட்கள் உள்ள ஷூ வேண்டும். தேய்ந்த ரோடு ஷூ ஈரக்கல்லில் பிடிக்காது.

பந்தயம் உச்சியில் முடிந்தாலும் ஒரு முறையாவது நடந்தோ ஓடியோ இறங்கிப் பழகுங்கள். இறக்கத்தில் முன்தொடை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் இரண்டாம் நாள் வலி கடுமையாக இருக்கும். அதன்பின் சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு இதைச் செய்யலாம், கடைசிப் பத்து நாளில் கூடாது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரில் தொடங்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குடித்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறைந்த ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. சென்னைப் புழுக்கத்தில் உப்பும் போகும், ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். கடலைமிட்டாய் மூச்சிரைக்கும்போது மென்று விழுங்க முடியாது, பேரீச்சம்பழமோ, ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் சர்க்கரை ஜெல்லோ சரி. எதையும் முதன்முதலாகப் பந்தயத்தன்று சாப்பிட வேண்டாம்.

பந்தயத்தில் முதல் பத்து நிமிடம் கூட்டத்தோடு பாயாதீர்கள். அங்கே வாங்கிய மூச்சுக்கடனை ஏற்றத்தில் அடைக்கவே முடியாது. கடிகாரத்தின் கிலோமீட்டர் வேகத்தை மறைத்துவிட்டு, நாடித்துடிப்பையும் ஏறிய உயரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். நனைந்த சட்டையோடு உச்சியில் நின்றால் நடுக்கம் வரும், மேலே போகும் வண்டியில் உலர்ந்த சட்டையும் ஒரு துண்டும் முன்பே அனுப்பிவிடுங்கள்.