பக்கத்தில் இருந்து பாருங்கள், கை நீட்டாதீர்கள்: செயலியைச் சோதிக்கும் முறை

செயலி செய்யும் பெடியள் என்னிடம் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் கேட்பது, "வேறை ஆருக்கும் குடுத்துப் பாத்தியோ?" என்றுதான். "ஓம் அண்ணை, அம்மாட்டைக் காட்டினனான். நல்லாயிருக்கு எண்டவா" என்பார்கள். அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பெற்ற பிள்ளை செய்ததை எந்தத் தாய் குறை சொல்லப் போகிறாள்? காட்டினால் கருத்துத்தான் கிடைக்கும். கையில் கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொன்னால்தான் எங்கே இடறுகிறது என்று தெரியும்.

உங்கள் செயலி கொழும்பு இரவு பஸ்ஸுக்கு இருக்கை பதிவது என்று வைத்துக்கொள்வோம். வேலையை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் பாதி விசயம் இருக்கிறது. "இருக்கை பதிவு என்பதை அமத்தி ஒரு சீற் எடுங்கோ" என்றால் விடையையே சொல்லிவிட்டீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "சனிக்கிழமை காலமை வெள்ளவத்தையிலை ஒரு கலியாணம். நீங்கள் கிளிநொச்சியிலை ஏறவேணும், ஜன்னல் பக்கம் வேணும். எடுங்கோ பாப்பம்." திரையில் இருக்கும் சொல் ஒன்றும் உங்கள் வாயில் வரக்கூடாது.

போனைக் கொடுக்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சோதனை செயலிக்கு, உங்களுக்கு இல்லை. வயதானவர்கள் "நான் எதையாவது அமத்திப் பழுதாக்கிப் போடுவன்" என்று கையைப் பின்னுக்கு இழுப்பார்கள். அந்தப் பயம் போகாமல் வேலை நடக்காது. பிறகு, மனதில் வருவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் வாய்க்கு வேலை இல்லை. "தம்பி, இதை அமத்தவோ?" என்று கேட்பார்கள். "நீங்கள் தனிய இருந்தா என்ன செய்வியளோ அதைச் செய்யுங்கோ அக்கா" என்பதோடு நிறுத்துங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும் பொத்தான் அவருடைய பெருவிரலுக்குக் கீழேயே இருக்கும். உங்கள் கை துடிக்கும். நீட்டாதீர்கள்.

இந்தக் கலியாணக் கதையில் முதலில் கவனிக்க வேண்டிய இடம் திகதி. சனி காலை கொழும்பில் நிற்க வேண்டும் என்றால் வெள்ளி இரவு ஏற வேண்டும். ஆனால் மனதில் இருப்பது சனிக்கிழமை. விரல் நாட்காட்டியில் சனியைத்தான் தொடும். யாழ்ப்பாணத்தில் வெள்ளி இரவு 10.30க்கு வெளிக்கிடும் பஸ் என்றால் இன்னும் சிக்கல். கிளிநொச்சிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டலாம், அங்கே ஏறுபவருக்குத் திகதியே மாறிவிடும். இதற்கு எச்சரிக்கைப் பெட்டி போட்டால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். காசு கட்டும் திரைக்கு முந்திய திரையில், பெரிய எழுத்தில், "வெள்ளி இரவு ஏறுகிறீர்கள், சனி விடிய இறங்குவீர்கள்" என்று ஒரு வரி போடுங்கள். நள்ளிரவு தாண்டி ஏறுபவருக்கு அவருடைய இடத்தில் பஸ் வரும் கிழமையும் நேரமும் அதே வரியில் வரவேண்டும்.

அடுத்தது ஏறும் இடங்களின் பட்டியல். அகரவரிசையில் போட்டால் கிளிநொச்சி, கொடிகாமம், சாவகச்சேரி, பளை, யாழ்ப்பாணம் என்று வரும். பஸ் வெளிக்கிடும் இடம் கடைசியில்! ஏ9 வீதியில் போய் வருகிறவர்களின் மனதில் இருக்கும் ஒழுங்கு யாழ்ப்பாணம், சாவகச்சேரி, கொடிகாமம், பளை, கிளிநொச்சி. அப்படியே போடுங்கள்.

இருக்கைப் படத்தில் சாரதி எந்தப் பக்கம் என்று காட்டாவிட்டால் முன் எது, பின் எது என்று விளங்காது. சாம்பல் நிறம் வெறும் இருக்கையா, விற்ற இருக்கையா? நிறத்தை மட்டும் நம்பாமல் விற்றதில் ஒரு குறுக்குக் கோடும் போடுங்கள்.

அடையாள அட்டை இலக்கப் பெட்டியைத் தொட்டதும் வெறும் எண் விசைப்பலகை வருகிறதா என்று பாருங்கள். 2016இலிருந்து வந்த அட்டைகளில் 12 இலக்கம், சரி. பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். அந்த எழுத்தை எங்கே போய் அடிப்பது? அதோடு, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் தகப்பன் பெயரை முன்னால் எழுதும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்புவார்கள். முழுப்பெயர் என்று ஒரே பெட்டி போதும்.

பொத்தான் அளவுக்குக் கணக்கு ஏற்கனவே இருக்கிறது: குறைந்தது ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 48 டிபி என்கிறது (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்). 48 டிபி என்றால் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். காசு கட்டும் பொத்தானை ஒருமுறை அமத்தியதும் அது செயலிழந்து, "காசு போகிறது, பொறுங்கள்" என்று வரவேண்டும். பத்து விநாடிக்கு மேல் ஒன்றும் நடக்காவிட்டால் ஆளின் கவனம் வேறெங்கோ போய்விடும், அல்லது திரும்ப அமத்துவார்.

எத்தனை பேர் வேண்டும்? இப்படியான சோதனைகளை ஆராய்ந்த நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் சொன்ன கணக்கு ஐந்து பேர். ஒருவர் சராசரியாக 31 வீதச் சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 வீதம் வந்துவிடும், அதன் பிறகு பார்த்ததையே பார்ப்பீர்கள் என்பது அவர் வாதம். பதினைந்து பேர் கிடைத்தால் ஐந்தைந்தாக மூன்று தடவை செய்து, இடையிடையே திருத்தச் சொல்கிறார். ஆனால் ஐந்து பேரும் கம்பஸ் பெடியளாக இருந்தால் அந்தக் கணக்கு கம்பஸ் பெடியளுக்கு மட்டும்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்பவருக்கு வேறு ஐந்து பேர் வேண்டும். ஆள் தேட அலையத் தேவையில்லை. பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களிடம் நேரம் இருக்கும்; ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

குறிப்பு எடுக்கும்போது அபிப்பிராயத்தை எழுதாதீர்கள். எங்கே நின்றார், முதலில் எதைத் தொட்டார், என்ன சொன்னார், இவ்வளவும் போதும். "எங்கை ஏறுறது எண்டு கேக்குதோ?" என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டால், உங்கள் "புறப்படும் தரிப்பிடம்" என்ற தலைப்பை அழித்துவிட்டு "எங்கே ஏறுகிறீர்கள்?" என்று போடுங்கள். திருத்தும்போது வேலையை முடிக்க முடியாமல் நின்ற இடங்கள் முதலில், பிழையான நாளுக்குச் சீற் எடுத்தது போல முடித்தும் பிழைத்தவை அதோடு சேர்த்து. நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னது அடுத்த மாதம் வரை பொறுக்கும்.