ரெட்ரோ பூ டிசைன்: கையால் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960, 70களின் பாணியில் பூ டிசைன் போட உட்கார்ந்ததும் பலர் எல்லா நிறத்திலும் கொஞ்சம் பழுப்பைக் கலந்துவிடுகிறார்கள். இன்று நம் கைக்குக் கிடைக்கும் அந்தக் காலத்துத் துணிகள் துவைத்தும் வெயில் பட்டும் வெளுத்தவை. அச்சான புதிதில் அவற்றில் பல பளிச்சென்று இருந்தன. ஃபின்லாந்தின் மாரிமெக்கோ நிறுவனத்துக்காக மையா இசோலா 1964இல் வரைந்த உனிக்கோவைப் பாருங்கள். பெரிய பெரிய பாப்பி மலர்கள், தட்டையான நிறங்கள், நிழல் என்பதே கிடையாது.

அந்தத் தட்டைத்தன்மைக்கு, சல்லடைத் திரை (ஸ்கிரீன்) வழியாக நிறத்தைத் துணியில் அழுத்தும் ஸ்கிரீன் பிரின்டிங்கும் ஒரு காரணம். பொதுவாக ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் வாட்டர் கலரைக் கரைத்து, இதழுக்கு இதழ் நிழல் கொடுத்தால் படம் அழகாக வரலாம், ரெட்ரோவாக வராது. நான்கைந்து நிறங்களோடு நிறுத்துங்கள். போஸ்டர் கலரோ குவாஷோ (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வாட்டர் கலர்) போதும், கெட்டி மோர் பதத்தில். ஒவ்வொரு நிறத்தையும் மொத்தமாகக் கலந்து மூடி போட்ட கிண்ணத்தில் வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. குவாஷில் வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்று அடர்த்தியாகும், அடர் நிறங்கள் சற்று வெளிறும். தனித் தாளில் தீட்டி, காயவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கறுப்புக் கோட்டை முதலில் போட்டு உள்ளே நிறம் நிரப்புவதும் வேண்டாம். ஸ்கெட்ச் பேனா மை ஈரத்தில் கரைந்து மஞ்சளை அழுக்காக்கிவிடும். நிறம் நன்றாகக் காய்ந்த பிறகு, பிரஷ்ஷால் கோடு போடுங்கள். கோடு நிறத்தின் விளிம்பில் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். அச்சில் துணி லேசாக நகர்ந்தாலும் வெள்ளை இடைவெளி தெரியாது.

அதிகம் பேர் சறுக்குவது ரிப்பீட்டில்தான், அதாவது ஒரே கட்டம் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப இணைந்து வருவதில். முதலில் தாளின் நடுவில் மட்டும் வரையுங்கள், ஓரங்களைத் தொடாதீர்கள். அப்புறம் தாளை நான்காக வெட்டி, மூலைக்கு மூலை இடம் மாற்றுங்கள். பழைய ஓரங்கள் நடுவில் சேர்ந்து வெற்றிடம் உண்டாகும். பின்பக்கம் டேப் ஒட்டி, அந்த இடத்தை நிரப்புங்கள். ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து 'சரி, முடிந்தது' என்று விடக் கூடாது. ஒன்பது நகல் எடுத்துச் சேர்த்து ஒட்டி, தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரே ஒரு சிவப்புப் பூ வைத்திருந்தால் அது வரிசை கட்டி நிற்கும். பூக்களுக்கு நடுவே வெற்றுத் தெருக்களும் தெரியலாம். அடுத்த நெடுவரிசையை அரைக் கட்டம் கீழே இறக்கி, ஓரத்தில் வெட்டுப்படும் பூக்களைப் பொருந்தும்படி திருத்தினால் வரிசை பெரும்பாலும் உடைந்துவிடும். வெற்றுத் தெரு போகவில்லையென்றால் அங்கே சின்னப் பூ ஒன்றோ இலையோ போடுங்கள்.

சட்டைத் துணிக்கு எல்லாப் பூவும் மேல்நோக்கியே இருந்தால், வெட்டும்போது துணியைத் திருப்பிப் போட முடியாமல் வீணாகும். சிலவற்றைத் தலைகீழாக வையுங்கள்.

கடைசியாக, போனில் படம் பிடிக்காதீர்கள்; ஒரு மூலையில் நிழல் விழும். அச்சாகும் அதே அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். தாளின் கறையை மட்டும் நீக்குங்கள். பிரஷ் விட்டுப்போன சொரசொர விளிம்புகளைக் கணினியில் வழித்து எடுக்காதீர்கள்.