ரியூசன் நேரசூசியில் இருந்து தொடங்குங்கள்: ஓய்வு நேரத்தைத் திருப்பி அடுக்க ஒரு செய்முறை

பொழுதுபோக்கு, ஊர்ச்சேவை, குடும்பம் என்று மூன்று நிரல் போட்டு நேரத்தைச் சமமாகப் பங்கிடும் அட்டவணை யாழ்ப்பாணத்து வீட்டில் இரண்டாம் கிழமையே கிழிந்துவிடும். சோம்பலால் அல்ல. இங்கே வீட்டின் உண்மையான நாட்காட்டி பிள்ளைகளின் ரியூசன் நேரசூசிதான். அதற்கு மேல் கோயில், கலியாணவீடு, செத்தவீடு. இவற்றை முதலில் எழுதிவிட்டு மிச்சத்தில் கைவைத்தால் மட்டுமே திட்டம் நிற்கும்.

தேவையானவை: 80 பக்கக் கொப்பி ஒன்று, பென்சில், வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் நேரசூசி, போயா தினங்களும் விரத நாட்களும் குறித்த சுவர்க் கலண்டர். இதற்குப் போனில் செயலி எதுவும் வேண்டாம். நேரம் எங்கே போகிறது என்று பார்க்கப் போனை எடுத்தவருக்கு அரை மணித்தியாலம் அதிலேயே போய்விடும்.

படி 1: ஒரு கிழமை எழுதுங்கள்

திங்கள் விடியத் தொடங்கி ஞாயிறு இரவு வரை, என்ன செய்தீர்கள் என்பதை அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரியாகக் குறியுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை எழுதினால் போதும்: காலைச் சாப்பாடு, மதியம், பின்னேரத் தேநீர், படுக்கை. இரவில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால், பின்னேரம் போனில் கழிந்த முக்கால் மணித்தியாலம் "கொஞ்ச நேரம்" என்று சுருங்கிவிடும். எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை இது.

எந்தக் கிழமையை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், தைப்பொங்கல் கிழமையும், பரீட்சைக் காலமும் சரிவராது. அந்த நாட்களின் கணக்கை வைத்து வருசம் முழுவதையும் திட்டமிட முடியாது.

படி 2: கழித்துப் பாருங்கள்

கிழமைக்கு 168 மணித்தியாலம். கோண்டாவிலில் வீடு, நகரத்தில் அலுவலகம், பத்தாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை எடுப்போம். தாயின் கணக்கு இப்படி வரும். நித்திரை நாளுக்கு ஏழரை வீதம் 52½. காலை 8.30 முதல் மாலை 4.15 வரை ஐந்து நாள் வேலை 38¾. பிள்ளையைப் பள்ளியில் இறக்குவது உட்படப் போகவர 7½. சமையல், குளிப்பு, உடுப்புத் தோய்த்தல், சந்தை என நாளுக்கு நான்கு வீதம் 28. ரியூசனுக்கு ஏற்றி இறக்க 6. கோயில், நல்லது கெட்டது 4. மிச்சம் 31¼.

பார்க்கப் பெரிய தொகைதான். ஆனால் அதில் பெரும்பகுதி பத்து, இருபது நிமிடத் துண்டுகள். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இடைவிடாமல் கிடைப்பதை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். இந்த வீட்டில் ஞாயிறு 3 முதல் 7 வரை, சனி 4 முதல் 6.30 வரை, வெள்ளி இரவு இரண்டு மணித்தியாலம், புதன் இரவு ஒன்றரை, செவ்வாயும் வியாழனும் ஒவ்வொன்று என மொத்தம் 12 தேறுகிறது. திட்டம் இந்தப் பன்னிரண்டுக்குத்தான். சின்னத் துண்டுகளை விட்டுவிடுங்கள், அவை மூச்சு விடுவதற்கு. (கணவனின் கணக்கையும் இதேபோல எழுதி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அன்றைக்கே சில வேலைகள் கை மாறும்.)

படி 3: குடும்பத்தை முதலில் வையுங்கள்

அன்பைக் காட்டுவதற்கான வரிசை என்று இதை எடுக்க வேண்டாம். எல்லாரும் ஒன்றாக வீட்டில் நிற்கும் நேரம் மிகக் குறைவு, அதை இடம் மாற்றவும் முடியாது. வட்டமிட்ட நேரங்களுக்கு மேல் பிள்ளைகளின் நேரசூசியை வைத்தால் பொருந்துவது ஒன்றோ இரண்டோதான். இந்த வீட்டில் ஞாயிறு பின்னேரமும் வெள்ளி இரவும். இந்த இரண்டுக்கும் வேறு எதையும் எழுதக் கூடாது. ஒரே அறையில் ஆளுக்கொரு திரையோடு இருப்பது இதில் சேராது. சேர்ந்து பனங்கிழங்கு உரிப்பது சேரும்.

வெளிநாட்டில் உள்ளவர்களோடு கதைப்பதையும் இங்கேயே எழுதுங்கள். நேரம் குறிக்காமல் விட்டால் அது ஒவ்வொரு இரவையும் தின்னும். ஞாயிறு பின்னேரம் 6.30 பலருக்கும் தோதானது. கோடைகாலத்தில் அப்போது ரொறொன்ரோவில் காலை 9, லண்டனில் மதியம் 2, பாரிசிலும் சூரிச்சிலும் 3. குளிர்காலத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் முந்தும். ஐரோப்பாவில் மணிக்கூடு ஒக்டோபர் கடைசி ஞாயிறும் கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறும் மாறுவதால், இடையில் வரும் நாட்களில் ஒருவர் வர மற்றவர் வராமல் குழம்பும். மெல்பேர்னில் இருப்பவருக்கு இந்த நேரம் இரவு 11 ஆகிவிடும். அவரோடு ஞாயிறு காலை 7 மணிக்குக் கதையுங்கள், அங்கே முற்பகல் 11.30, அவர்களின் கோடையில் 12.30.

படி 4: ஊர்வேலை, ஆனால் பதவி வேண்டாம்

தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கு ஒருதடவை இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். இந்த வீட்டுக்குச் சனிக்கிழமை 4 முதல் 6 வரை. ஒப்புக்கொள்ள முன் நான்கு விசயம் கேளுங்கள்: திறப்பு (சாவி) யாரிடம்? வேறு யார் வருகிறார்கள்? என்ன வேலை? எப்போது முடியும்? திறப்பு யாரிடம் என்பதைக் கேட்காதவர்கள் பூட்டிய சனசமூக நிலையத்தின் வாசலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வருவார்கள். முடிவு நாள் இல்லாத வேலை ஆறாம் மாதத்தில் சலிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பொதுக்கூட்டத்துக்குச் சும்மா போனவர் பொருளாளராகத் திரும்பி வருவது நம் ஊர்களில் சாதாரணம். "ஒரு வருசத்துக்குப் பதவி வேண்டாம், வேலையைத் தாங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள், வேலைக்குத்தான் ஆள் இல்லை.

நேரம் ஒதுக்கவே முடியாதவர்களுக்கு இரத்ததானம் உண்டு. 18 முதல் 60 வயது வரையுள்ள சுகதேகிகள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வருசத்தில் மூன்று நாள். சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

படி 5: இரண்டு நிரலில் விழும் வேலையைத் தேடுங்கள்

மூன்றையும் தனித்தனியே செய்ய 12 மணித்தியாலம் காணாது. ஒன்றோடொன்று மேவும் வேலை வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கு நல்ல உதாரணம் பழைய அச்சுப் பிரதிகளைச் சேர்த்துப் பட்டியலிடுவது: பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு (இறந்தவரின் நினைவு மலர்). 1981இல் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட ஊர் இது. அம்மம்மாவின் அலுமாரியில் கிடக்கும் ஒரு மலர் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாகவும் இருக்கலாம். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகம் இப்படிப்பட்டவற்றை மின்வடிவாக்கி எல்லாரும் வாசிக்க வைக்கிறது. உங்கள் பட்டியல் அங்கேயும் பயன்படும், ஊர் வாசிகசாலைக்கும் பயன்படும்.

ஒரு அமர்வுக்கு 20 பிரதி போதும். காய்ந்த, மெல்லிய வர்ணத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், ஈரத்துணி ஆகாது. கொப்பியில் ஐந்து விபரம் எழுதுங்கள்: தலைப்பு, ஆண்டு, வெளியிட்டவர், பக்க எண்ணிக்கை, யாருடைய பிரதி. ஆண்டு அட்டையில் இல்லாவிட்டால் வாழ்த்துரைகளின் அடியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே திகதி இருக்கும். பிறகு அட்டையையும் உள்ளடக்கப் பக்கத்தையும் படம் எடுங்கள். யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைப் பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். சரித்துப் பிடித்தால் எழுத்து ஒரு பக்கம் சிறுத்துப்போகும்.

கிழிந்த தாளுக்குச் செலோரேப் ஒட்டாதீர்கள். சில வருசத்தில் அதன் பசை மஞ்சளித்துத் தாளையும் கறைப்படுத்தும். குழுப்படம் இருந்தால் நிற்பவர்களின் பெயரை அப்பப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். இந்த இடத்தில்தான் வேலை குடும்ப நேரமாகவும் மாறுகிறது. பிள்ளை கேட்கும், பெரியவர் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள். தனிப்படமானால் பெயரை அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மெதுவாக எழுதலாம், பேனை கூடாது. கறையான் கண்ட தாள்கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் வெளியே வெயில் படாத இடத்தில் தனியே வையுங்கள்.

ஆனால் மேவல் உண்மையானதா என்று பாருங்கள். பிள்ளை கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தால் அது உங்கள் பொழுதுபோக்கு மட்டும்தான். அதற்குரிய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 6: பொழுதுபோக்குக்கு மிச்சம்

செவ்வாய், புதன், வியாழன் என்று துண்டு துண்டாகக் கிடப்பதால், இரண்டு நிமிடத்தில் எடுத்து வைக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே இருந்தால் வாசிப்பு நடக்காது. ஞாயிறு ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் பழகுவதை விட நாளுக்கு இருபது நிமிடம் நல்லது. எதையும் தொடங்கத் தெரியாதவர்களுக்கு முளைக்கீரை. உரப்பையில் மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பி, சிறிய விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவி, விரற்கடைக்கும் குறைவாக மண் மூடி, பூவாளியால் நனைத்தால் 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். ஆழமாகப் போட்ட விதை முளைக்காது. மூடாமல் விட்டால் எறும்பு கொண்டுபோய்விடும்.

படி 7: நான்கு கிழமை ஓட்டி, ஒன்றை வெட்டுங்கள்

நான்காம் ஞாயிறு கொப்பியைத் திறந்து, எழுதியபடி நடந்தவற்றுக்குச் சரி போடுங்கள். நான்கில் இரண்டுக்குக் குறைவாக நடந்த வேலை எதுவோ, அதன் நேரம் பிழை. முதலில் நாளை மாற்றுங்கள், அடுத்த நான்கு கிழமையும் நடக்காவிட்டால் வேலையையே எடுத்துவிடுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதானால் பழையது ஒன்றை வெட்டிய பிறகுதான்.

ஒவ்வொரு தவணையும் ரியூசன் நேரசூசி மாறும், அப்போது படி 3இலிருந்து திரும்பவும் செய்ய வேண்டும். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் கீரைப்பை கூரைக்குக் கீழே போக வேண்டும், ஈரப்பதத்தில் பழைய தாள்களை விரிக்கவும் கூடாது. அந்தச் சனிக்கிழமைகளை நுளம்பு பெருகும் சிரட்டை, ரயர், அடைபட்ட பீலி துப்புரவாக்கும் சிரமதானத்துக்குக் கொடுங்கள். மண்வெட்டியும் கடகமும் நீங்களே கொண்டு போனால் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு ஒழுங்கை முடியும்.