மினி குதிரை வாங்கப் போகிறீர்களா? பணம் எங்கே ஓடும் என்று முதலில் பாருங்கள்

ரீல்ஸில் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். இடுப்பு உயரத்துக்கு ஒரு குதிரை, பொம்மை மாதிரி முகம், நம்ம தண்டையார்பேட்டை சந்தில்கூடக் கட்டிவைக்கலாம் போலத் தோன்றும். விலை பேசும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி "எவ்வளவு தின்னும்?" என்பதுதான். உண்மையில் தீனிதான் இதில் சின்னச் செலவு. 100 கிலோ எடையுள்ள மினி குதிரைக்கு நாளைக்கு 1.5 முதல் 2 கிலோ காய்ந்த புல் போதும், மாதத்துக்கு 60 கிலோவைத் தாண்டாது, உங்கள் பக்கத்து விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய பணம் போவது குளம்பிலும் குடலிலும், அதில் பாதி நாமே ஆசையாகத் தீனி போட்டு வரவழைத்துக்கொள்வது.

வாங்கும்போதே ஒரு ஏமாற்று இருக்கிறது. சாதாரண மட்டக்குதிரையின் குட்டியைக் காட்டி "வெளிநாட்டு மினி சார், இதுக்கு மேல வளராது" என்பார்கள். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் கணக்கில், வளர்ந்த குதிரைக்கே பிடரி மயிர் முடியும் இடத்திலிருந்து தரை வரை 34 அங்குலம்தான் உச்சம். அதனால் உயரத்தை அளந்தால் மட்டும் பத்தாது, ஒரு கால்நடை டாக்டரைக் கூட்டிப்போய்ப் பல்லைப் பார்த்து வயதையும் தெரிந்துகொள்ளுங்கள். பால் பல்லோடு 32 அங்குலம் இருந்தால் அது இன்னும் வளரலாம். இறக்குமதி என்று சொன்னால் அனுமதிக் கடிதம், குவாரன்டைன் காகிதம் இரண்டையும் கேளுங்கள். காகிதம் இல்லை என்றால் "வெளிநாடு" என்பதற்காக ஒரு ரூபாயும் அதிகம் தராதீர்கள். ஆண் வேண்டுமென்றால் காயடித்ததாகப் பாருங்கள். காயடிக்காத ஆண் பெட்டைக் குதிரையின் வாசனை பட்டால் கட்டுக்கே அடங்காது, அதைத் தெருவில் பிடித்து நடத்துவது லேசான வேலை இல்லை.

இப்போது தீனி. குதிரை என்றால் கொள்ளு என்பது நம் எல்லோர் மனசிலும் ஊறிப்போனது, கொள்ளுன்னா வாயைத் திறக்கும் கடிவாளம்னா மூடும் என்று பழமொழியே இருக்கிறதே. ஆனால் அந்தக் கொள்ளு வண்டி இழுத்த குதிரைக்கு. வாசலில் நின்று போட்டோவுக்கு முகம் காட்டும் குதிரை தினமும் ஒரு படி கொள்ளு தின்றால் கொழுப்புதான் ஏறும். இது போதாதென்று தெரு முழுக்கச் செல்லம் வேறு: டீக்கடையிலிருந்து பன், பக்கத்து வீட்டு ஆயா கொடுக்கும் வாழைப்பழம், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளின் பிஸ்கட். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கொடுக்கிறார்கள், வயிறு ஒன்றுதான். மினி குதிரைக்கு உடம்பு சீக்கிரம் ஊதும், ஊதினால் குளம்புக்குள் இருக்கும் சதை வீங்கும் லாமினைட்டிஸ் வரும். குளம்பு சுடும், முன்னங்காலில் எடை வைக்கப் பயந்து பின்னால் சாய்ந்து நிற்கும், முற்றினால் குளம்புக்குள் எலும்பே திரும்பிவிடும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வைத்தியம்தான்.

சரி, குண்டாகிவிட்டதே என்று இரண்டு நாள் பட்டினி போடுவது அதைவிடப் பெரிய தப்பு. குண்டான மினி குதிரை திடீரென்று தின்பதை நிறுத்தினால் உடம்பிலிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும், உயிரே போகலாம். மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், டாக்டர் சொல்லும் அளவில். அதே காரணத்துக்காக, குதிரை ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லை என்றாலே அவசரம்தான்.

புல்லில் அருகம்புல் நல்லது. மாதவரம், செங்குன்றம் பக்கம் மாடு வளர்ப்பவர்களிடம் நேப்பியர் புல் கிடைக்கும், சல்லிசாகவும் இருக்கும், ஆனால் அதையே தினமும் போட்டால் அதிலிருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், எலும்பு கெடும். கோதுமைத் தவிட்டை வாரிப் போடுவதும் இதே கதைதான், பாஸ்பரஸ் அதிகம். வெறும் வைக்கோல் குடலில் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம் கோழித்தீவனம், மாட்டுத்தீவனம் போடுவது. மொனென்சின் என்று ஒரு மருந்து சில தீவனங்களில் கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் அது பழகியது, குதிரைக்கு விஷம், இதயத்தை நிறுத்திவிடும்.

வடசென்னைக்கே உரிய இரண்டு தொல்லை உண்டு. ஒன்று மணல். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணல் தரையில் கட்டுவது காலுக்கு நல்லதுதான், ஆனால் புல்லைத் தரையில் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்ப் படிந்துவிடும். தொட்டியில் போடுங்கள், கீழே ரப்பர் விரிப்பு வையுங்கள். இன்னொன்று உப்புத்தண்ணீர். போர் தண்ணீர் கரித்தால் குதிரை குடிக்காது, குடிக்காவிட்டால் சாணி இறுகும், அப்புறம் வயிற்றுவலி. மினி குதிரைக்கு நாளைக்கு 5 லிட்டராவது நல்ல தண்ணீர் வேண்டும், மே மாதத்தில் இரண்டு மடங்கு. நம்ம ஊர் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். மத்தியானத்தில் மூச்சு வாங்கி நின்றால் உடனே தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றி, காற்றாடி போட வேண்டும். தகர ஷெட் வேண்டவே வேண்டாம்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைக் காலால் பறிப்பது, படுத்துப் புரளுவது, லத்தி போடாதது, இதில் எது தெரிந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றும் பாட்டி வைத்தியமும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஒரு டாடா ஏஸ்காரர் நம்பரை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். குட்டிக் குதிரையைக் குட்டி யானையில் ஏற்றுவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி கிடைக்காவிட்டால் சிரிப்பு வராது.

லாடம் பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கியே ஆக வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுபவரிடம் விடாதீர்கள், குதிரைக் குளம்பு வேறு. குதிரைக் குளம்பு செதுக்கத் தெரிந்த ஆளை, மெரினா பக்கம் குதிரை வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். அவர் வந்து போகும் செலவே சில சமயம் கூலியைவிட அதிகமாகும், அதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். டெட்டனஸ் ஊசி, ரேபிஸ் ஊசி, குடல்புழு மருந்து, வருஷத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை இதெல்லாம் விடவே கூடாது. ஆணியும் இரும்புத் துண்டும் கிடக்கும் தெருவில், நாய்கள் சுற்றும் இடத்தில், ஊசியைத் தள்ளிப்போடுவது எந்த வகையிலும் சிக்கனம் இல்லை.

தனியாகக் கட்டாதீர்கள், கூட்டமாக வாழ்ந்த மிருகம். இன்னொரு குதிரைக்கு வசதி இல்லை என்றால் ஒரு ஆடாவது துணைக்கு இருக்கட்டும். பிறந்தநாள் விழாவில் ஐந்தாம் வகுப்புப் பையனை ஏற்றி உட்காரவைத்து வீடியோ எடுப்பதையும் விட்டுவிடுங்கள், தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்குதான் அது சுமக்கும். 100 கிலோ குதிரைக்கு 20 கிலோவே உச்சம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம்ம பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் நாள்கணக்கில் நின்றால் குளம்பு அழுகும், குதிரையை மாடிப்படி ஏற்றிக் காப்பாற்றவும் முடியாது. மேட்டில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் இடம் பேசிவையுங்கள், அக்டோபருக்குள்.