கிரேக்க முன்னோரைத் தேட: முதலில் ஊர்ப் பெயரைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் குடியேறிய கிரேக்க முன்னோரைத் தேடுபவர்கள் பலரும் பெயர் கிடைத்த கையோடு கிரீஸ் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிவிடுகிறார்கள். பதில் வராது, வந்தாலும் உதவாது. அங்கே பதிவேடுகள் ஊர்வாரியாக இருக்கின்றன. ஊரும் தகப்பனார் பெயரும் தெரியாமல் யாராலும் தேடித் தர முடியாது. அதனால் அமெரிக்கக் காகிதங்களிலேயே அந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட வேண்டும்.

முதலில் அசல் பெயரைத் தேடுங்கள். குடும்பம் ‘ஜிம்’ என்று சொல்லும் ஆள் பெரும்பாலும் திமித்ரியோஸ். கஸ் என்றால் கான்ஸ்டன்டினோஸ், பில் என்றால் வாசிலியோஸ், ஹாரி என்றால் ஹராலம்போஸ். ‘பாப்பாஸ்’ பல சமயம் பாப்பதோபுலோஸ் போன்ற நீண்ட பெயரின் மிச்சம். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எலிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றினார் என்று வீடுதோறும் ஒரு கதை உண்டு, அதை நம்ப வேண்டாம். பயணிகள் பட்டியல் கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. எலிஸ் தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் சுருங்கியது பிறகு, அமெரிக்க வாழ்க்கையில். ஆகவே பட்டியலில் நீண்ட பெயரைத் தேடுங்கள், முதல் எழுத்தையும் மாற்றிப் பாருங்கள். வாசிலியோஸ் ‘வி’யிலும் (V) இருப்பார், ‘பி’யிலும் (B) இருப்பார். ஹராலம்போஸை ‘எச்’ (H), ‘சி’ (C) இரண்டிலும் பார்க்க வேண்டும். பெண்களின் குடும்பப் பெயருக்கு முடிவு வேறு: பாப்பதோபுலோஸின் மகள் பாப்பதோபுலு.

கப்பல் பட்டியலுக்கு முன் குடியுரிமைக் காகிதங்களைப் பாருங்கள். 1906 செப்டம்பர் 27 முதல் நாடு முழுக்க ஒரே படிவம் வந்தது. பிறந்த இடம், கப்பல், வந்து இறங்கிய துறைமுகம், தேதி எல்லாம் அதில் கேட்கப்பட்டன. அதற்கு முந்தையவற்றில் விவரம் மிகக் குறைவு. குடியுரிமை வாங்காதவர்களும் முதல் உலகப் போர் ராணுவப் பதிவில் இருப்பார்கள். 1917 ஜூன் 5 அட்டையில் பிறந்த ஊர் உண்டு, 1918 செப்டம்பர் அட்டையில் கிடையாது.

தேதி கிடைத்த பிறகு பட்டியலுக்குப் போங்கள். எலிஸ் தீவு அறக்கட்டளைத் தளம், ‘ஃபேமிலிசர்ச்’ என்ற வம்சாவளித் தேடல் தளம் இரண்டிலும் இலவசமாகவே தேடலாம். 1907 முதல் பட்டியல் இரண்டு பக்க அகலம். தேடல் முடிவு இடது பக்கத்தை மட்டும் காட்டும். பெரும்பாலானோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், விஷயமோ வலது பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் யாரிடம் போகிறார் என்பதும், கடைசிக் கட்டத்தில் பிறந்த ஊரும் அங்கேதான். சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இடது பக்கத்துக் கடைசியில் இருக்கும். அது தகப்பனார் பெயராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதே வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்கு நகருங்கள். பெயர்மேல் கோடு கிழித்திருந்தால் அவர் அந்தக் கப்பலில் ஏறவில்லை என்று பொருள், அடுத்து வந்த கப்பல்களைப் பாருங்கள். தொழில் கட்டத்தில் பிற்காலக் கையெழுத்தில் எண்ணும் தேதியும் இருந்தால் குடியுரிமைக்காக யாரோ அந்தப் பதிவைச் சரிபார்த்திருக்கிறார்கள். ஆள் சரியானவர்தானா என்று உறுதி செய்ய அது நல்ல துப்பு. போய்த் திரும்பி மறுபடி வந்தவர்கள் ஏராளம், எனவே ஒரு பட்டியலோடு நிறுத்தாதீர்கள்.

தேடும்போது நாடு ‘கிரீஸ்’ என்று வடிகட்டாதீர்கள். இன்று வட கிரீஸில் உள்ள மாசிடோனியா, எப்பிரஸ் பகுதிகள் 1912-13 பால்கன் போர்கள் வரை ஒட்டோமான் (துருக்கிய) ஆட்சியில் இருந்தன, அங்கிருந்து போனவர் ‘துருக்கி’யில் பதிவாகியிருப்பார். ரோட்ஸ் உள்ளிட்ட டோடெகனீஸ் தீவுகள் 1912-லிருந்து இத்தாலியின் கையில் இருந்தன. 1903-க்குப் பிந்தைய பட்டியல்களில் இனம் என்று தனிக் கட்டம் உண்டு, ‘கிரேக்கர்’ என்பதை அதில் பாருங்கள்.

ஊர் என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது. சின்னக் கிராமத்தைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்று ‘டிரிபோலி’, ‘ஸ்பார்ட்டா’ என்று பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லிவிடுவார்கள். அதே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த வரிகளில் இருந்தால் அவர்களின் பதிவையும் குறித்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் கிராமத்தைச் சரியாகச் சொல்லியிருப்பார். துருக்கிய, ஸ்லாவியப் பெயர் கொண்ட கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிற்பாடு கிரேக்கப் பெயர் வைக்கப்பட்டது. பழைய பெயரைப் போட்டால் புதுப் பெயர் காட்டும் பட்டியல் கிரீஸ் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பாண்டெக்டிஸ்’ தளத்தில் இருக்கிறது.

இனிமேல்தான் கிரீஸுக்கு எழுத வேண்டும். அந்த மாவட்டத்தின் பொது அரசு ஆவணக் காப்பகக் கிளையில் ஆண்கள் பதிவேட்டைக் கேளுங்கள். பிறந்த ஆண்டுவாரியாகத் தகப்பனார் பெயரோடு அதில் இருக்கும். கடிதம் கிரேக்கத்தில் இருந்தால் நல்லது. பிறந்த ஆண்டு இரண்டு மூன்று வருடம் முன்பின் இருந்தால் ஒதுக்காதீர்கள். தேதி 12, 13 நாள் வித்தியாசப்பட்டால் காரணம் நாட்காட்டி: கிரீஸ் 1923 வரை ஜூலியன் கணக்கில் இருந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கும் வழக்கம் என்பதால் ஒரே பெயரில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் நாலு பேர் நிற்பார்கள். பிரித்துச் சொல்வது தகப்பனார் பெயர் மட்டுமே. பெண்கள் இந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களின் உடன்பிறந்த ஆண்களைத் தேடி, அங்கிருந்து ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவுக்குப் போக வேண்டும்.